சூதாட்டத்திலிருந்து மீள வழி தேடும் குடும்பங்களுக்கு: சென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் தம்பி நான்கு ஆண்டுகள் கைப்பேசியில் பணம் கட்டி ரம்மி ஆடினான். கடைசி ஓராண்டில் கிரிக்கெட் பந்தயமும் அதோடு சேர்ந்துகொண்டது. அவனோடு மருத்துவமனைக்கும் வங்கிக்கும் காவல் நிலையத்துக்கும் அலைந்தவன் நான் என்பது தெரிந்தபிறகு, பெரம்பூரில் எங்கள் தெருவிலிருந்தும் நான் கணக்கெழுதும் அச்சகத்திலிருந்தும் பலர் தனியாக அழைத்து விசாரிக்கத் தொடங்கினார்கள். அவர்கள் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் என்பதால் அவற்றை இங்கே எழுதிவைக்கிறேன். நான் மருத்துவரும் அல்லன், வழக்கறிஞரும் அல்லன். அவர்களிடம் போய்ச் சேரும்வரை உள்ள வழியை ஒருமுறை நடந்து பார்த்தவன், அவ்வளவே.

பொழுதுபோக்குக்காக ஆடுகிறாரா, நோயாகிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எவ்வளவு பணம் போயிற்று என்பதை மட்டும் வைத்து இதை முடிவுசெய்ய இயலாது. 2,000 ரூபாயைத் தோற்றுவிட்டு, போனால் போகட்டும் என்று எழுந்து போகிறவர் வேறு. அதே 2,000 ரூபாயைப் பிடித்தாக வேண்டும் என்று அன்றிரவே உடன் வேலை செய்பவரிடம் 5,000 ரூபாய் கைமாற்று வாங்குகிறவர் வேறு. இரண்டாமவருக்கு உதவி தேவை. விட்டதைப் பிடிக்க மறுபடி ஆடுவது, வரவர அதிகத் தொகை வைத்தால்தான் மனம் நிறைவது, நிறுத்த முயன்றால் எரிச்சலும் படபடப்பும் வருவது, வீட்டில் பொய் சொல்வது, பிறர் பணத்தை நம்பி இருக்கும் நிலைக்கு வருவது போன்றவற்றைத்தான் மருத்துவர்கள் கேட்கிறார்கள். அமெரிக்க உளமருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேட்டில் இப்படி ஒன்பது அறிகுறிகள் உள்ளன. 12 மாதங்களுக்குள் அவற்றில் குறைந்தது நான்கு இருந்தால் அதைச் சூதாட்டக் கோளாறு என்று கொள்கிறார்கள். மது, போதைப்பொருள் அடிமைத்தனத்தோடு ஒரே அத்தியாயத்தில் சூதாட்டம் சேர்க்கப்பட்டதும் அந்தக் கையேட்டில்தான். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலும் இதைத் தனிக் கோளாறாகவே குறிப்பிடுகிறது.

எங்கள் வீட்டில் முதலில் கண்ணில் பட்டது பணக்குறைவு அன்று, தண்ணீர்க் குறைவு. தம்பி குளியலறைக்குப் போனால் முக்கால் மணி நேரம் குழாய் ஓடும். மேல்நிலைத் தொட்டி காலியாகிவிடும். சீட்டு விழும் ஒலி வெளியே கேட்காமல் இருக்கத்தான் குழாயைத் திறந்துவிட்டிருக்கிறான் என்பதைப் புரிந்துகொள்ள எங்களுக்கு ஓராண்டு பிடித்தது.

படித்தவர், பொறுப்பானவர், ஏன் நிறுத்த முடியவில்லை?

படிப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை. வெற்றி எப்போது வரும் என்று தெரியாதபோதுதான் மூளை அதிகமாக எதிர்பார்க்கிறது. பத்து முறைக்கு ஒரு முறை நிச்சயம் கிடைக்கும் என்பதைவிட, எப்போதாவது கிடைக்கலாம் என்பது மனத்தை இறுகப் பிடித்துக்கொள்கிறது. ஒரே ஒரு சீட்டில் கைநழுவிய ஆட்டத்தைத் தோல்வியாகவே அவர்கள் எண்ணுவதில்லை, ‘கிட்டத்தட்ட வந்துவிட்டது’ என்றுதான் எண்ணுகிறார்கள். பழைய கிண்டி குதிரைப் பந்தயத்தில்கூட ஓர் ஓட்டம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் சற்று மூச்சு வாங்க நேரம் இருந்தது; கைப்பேசியில் அந்த இடைவெளியே கிடையாது.

பலருக்குத் தெரியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோய்க்குத் தரப்படும் பிரமிபெக்சோல் போன்ற சில மருந்துகள், அதற்கு முன் சீட்டையே தொடாதவரைக்கூடச் சூதாட்டத்தில் தள்ளிவிடக்கூடும். வீட்டில் வயதானவர் ஒருவர் திடீரென்று இப்படி மாறினால், அவர் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலை எழுதி அவருடைய நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

சென்னையில் முதலில் எங்கே போவது?

நேரில் போகத் தயக்கமாக இருந்தால் தொலைபேசியிலிருந்து தொடங்கலாம். நடுவண் அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம்; தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104 மருத்துவ உதவி எண்ணிலும் மனநல ஆலோசனை கிடைக்கும். ஆடுபவர் பேச மறுத்தாலும் வீட்டிலுள்ளவர் அழைத்துப் பேசலாம். நாங்கள் அப்படித்தான் தொடங்கினோம்.

நேரில் போவதென்றால் அரசு மருத்துவமனைகளே எனக்குத் தெரிந்தவரை நல்ல தொடக்கம். சென்ட்ரல் எதிரில் உள்ள ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகிய மூன்றிலும் மனநலப் பிரிவு உண்டு. காலையில் சென்று வெளிநோயாளர் சீட்டு வாங்கினால் போதும். மனநலத்துக்கென்றே உள்ள அரசு நிறுவனம் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம், 1794இல் தொடங்கியது. ‘கீழ்ப்பாக்கம்’ என்ற சொல்லையே இந்த ஊர் பல தலைமுறைகளாகக் கேலிக்குப் பயன்படுத்தி வந்திருப்பதால், அந்தப் பேரைச் சொன்னதும் எங்கள் அம்மா ‘என் பிள்ளை பைத்தியமில்லை’ என்று அழுதுவிட்டார். அதனால் தம்பியை ஜி.எச்.சுக்கு அழைத்துப் போனேன். உங்கள் வீட்டிலும் அந்தப் பேர் தடையாக இருந்தால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்; வேறு வாசல் வழியாகப் போங்கள்.

ஆதார் நகலையும், வேறு மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் அதன் சீட்டையும் கையில் வைத்திருங்கள். மருத்துவரிடம் அவரைத் தனியாகப் பேச விடுங்கள். நான் முதல் நாள் உள்ளே கூடவே உட்கார்ந்து, கேட்கப்பட்ட ஒவ்வொரு கேள்விக்கும் நானே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்; அந்தப் பெண் மருத்துவர் பொறுமையாக, ‘அண்ணா, கொஞ்சம் வெளியில இருங்க’ என்றார். உண்மையான கடன் தொகையைத் தம்பி முதன்முதலாகச் சொன்னது நான் வெளியே வந்த பிறகுதான்.

சிகிச்சை என்றால் என்ன செய்வார்கள்?

பெரும்பாலும் பேச்சுதான். ஆடத் தூண்டும் நேரம், இடம், மனநிலை ஆகியவற்றைக் கண்டறிந்து, ‘அடுத்த ஆட்டத்தில் பிடித்துவிடலாம்’ என்ற எண்ணத்தைக் கேள்வி கேட்கப் பழக்கும் அறிதல் நடத்தைச் சிகிச்சைக்கு நல்ல சான்றுகள் உள்ளன. வாரம் ஒருமுறை என்று சில மாதங்கள் போக வேண்டியிருக்கும். மனச்சோர்வோ பதற்றமோ குடிப்பழக்கமோ கூடவே இருப்பது மிகவும் சாதாரணம். அவற்றுக்கு மருந்து தருவார்கள். ஆடும் வேட்கையைத் தணிக்கச் சிலருக்கு நால்ட்ரெக்சோன் என்ற மாத்திரையும் தரப்படுகிறது. ஊசி ஒன்று போட்டால் மறந்துவிடும், மந்திரித்தால் போய்விடும் என்று யாராவது சொன்னால் அங்கே பணம் கட்டாதீர்கள்.

மறுவாழ்வு மையத்தில் சேர்த்து ஆறு மாதம் வைத்துவிட்டால் சரியாகிவிடாதா?

குடிப்பவர்களுக்கான மையங்களில் சூதாடுபவர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். உள்ளிருக்கும் நாள்களில் ஆட முடியாது என்பது உண்மை; ஆனால் கைப்பேசியும் சம்பளமும் கடனும் உள்ள வீட்டில் எப்படி ஆடாமல் இருப்பது என்பதுதான் கற்க வேண்டிய பாடம், அதை வீட்டில் இருந்தபடிதான் கற்க முடியும். தற்கொலை அபாயமோ கடுமையான குடிப்பழக்கமோ இருந்தால் உள்நோயாளியாகச் சேர்ப்பது தேவைப்படலாம். அதை மருத்துவர் முடிவுசெய்யட்டும்.

புறநகரில் ஒரு மையத்துக்கு நாங்களும் போனோம். மருத்துவர் யார் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. ‘நைட்டு வண்டி அனுப்புறோம், நாலு பேர் வந்து தூக்கிட்டு வந்துருவாங்க, மூணு மாசத்துக்கு முன்பணம் கட்டுங்க’ என்றார்கள். அம்மா கையெழுத்திடப் பேனாவை எடுத்துவிட்டார். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி மனநலச் சிகிச்சை தரும் நிறுவனம் மாநில மனநல ஆணையத்தில் பதிவுபெற்றிருக்க வேண்டும். ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாகச் சேர்ப்பதற்கு மருத்துவச் சான்றும் கடுமையான நிபந்தனைகளும் உண்டு. பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். தயங்குகிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

கடன்காரர்கள் வாசலில் நிற்கிறார்கள். முதலில் கடனை அடைத்துவிட்டு, பிறகு சிகிச்சையைப் பார்க்கலாமா?

என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை, அடைத்துவிட்டுத்தான் வருகிறார்கள். நாங்களும் அதையே செய்தோம். முதல்முறை 1,80,000 ரூபாய் வெளிப்பட்டபோது அம்மாவின் ஐந்து பவுன் சங்கிலியை அடகு வைத்து, ‘இனிமேல் தொடமாட்டேன்’ என்று வடபழனி முருகன் கோயிலில் சத்தியம் வாங்கிக்கொண்டு, ஒரே நாளில் அடைத்தோம். அவன் பொய்ச் சத்தியம் செய்யவில்லை, அன்றைக்கு அவன் மனத்தில் இருந்தது அதுதான். ஆனால் கழுத்தை நெரித்த கடன் ஒரே நாளில் இறங்கியதும், புதிதாகக் கடன் வாங்கும் தகுதியும் அவனுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. மூன்றே மாதத்தில் தொகை பழைய அளவைத் தாண்டியது. எங்களிடம் மறைத்திருந்த இன்னும் இரண்டு கடன்களை ‘ஒரே அடியில்’ அடைத்துவிடத்தான் மறுபடி ஆடத் தொடங்கினானாம்.

ஆகவே கடனை அடைப்பதற்கு முன் அதை முழுமையாக எழுத வேண்டும். இரண்டாவது முறை நான் தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில், ஒரு தாளுக்கு ஒரு கடன் என்று அவனையே எழுதச் சொன்னேன்: யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி, என்ன அடமானம், யாருக்குத் தெரியும். எட்டுத் தாள்கள் வந்தன. இரவு 11 மணிக்கு மேல், நான் ஒன்றும் பேசாமல் காப்பி போடப் போனபோது, ஒன்பதாவது தாளை எழுதி வைத்திருந்தான். அது அப்பாவின் நண்பரிடம் ‘அப்பாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவு’ என்று சொல்லி வாங்கியது. கடைசித் தாள் வரும்வரை கோபப்படாமல் இருந்தால்தான் அது வரும்.

எழுதிய பிறகு வரிசைப்படுத்துங்கள். வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், மின்கட்டணம் முதலில். அடுத்து நகைக்கடன், வங்கிக் கடன். வங்கியில் நேரில் சென்று தவணைக்காலத்தை நீட்டித்துத் தரும்படி எழுத்தில் கேட்கலாம். கைமாற்றாகக் கொடுத்தவர்களிடம் உண்மையைச் சொல்லி, மாதம் இவ்வளவு என்று தவணை பேசுங்கள்; நாங்கள் கேட்ட ஆறு பேரில் ஐந்து பேர் ஒப்புக்கொண்டார்கள். தவணையை ஆடியவருடைய சம்பளத்திலிருந்தே கட்ட வேண்டும், ஆனால் கட்டும் கை வேறொருவருடையதாக இருக்க வேண்டும். வீட்டை விற்பதையும் அடுத்தவர் பெயரில் புதுக்கடன் வாங்கி மொத்தமாக அடைப்பதையும் குறைந்தது ஆறு மாதமாவது தள்ளிப்போடுங்கள் என்பேன்.

செயலியில் வாங்கிய கடனுக்கு உறவினர்களை எல்லாம் அழைத்து அசிங்கப்படுத்துகிறார்கள். என்ன செய்வது?

வங்கியோ, ரிசர்வ் வங்கியில் பதிவுபெற்ற நிதி நிறுவனமோ கொடுத்த கடன் என்றால், 2022ஆம் ஆண்டு விதிகளின்படி வசூலிப்பவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது. கடன் செயலி உங்கள் தொடர்பு எண்களின் பட்டியலைத் தொடவும் கூடாது. முதலில் நிறுவனத்திடம் எழுத்துமூலம் புகார் செய்து, 30 நாளில் தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்கான உதவி எண் 14448. படத்தை வெட்டி ஒட்டி மிரட்டும் செயலிகள் பெரும்பாலும் பதிவே இல்லாதவை. அவர்களுக்குப் பணம் அனுப்ப அனுப்ப மிரட்டல் கூடும். மிரட்டல் செய்திகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். உறவினர்களுக்கு நீங்களே முந்திக்கொண்டு, ‘இப்படி ஒரு சிக்கல், யார் அழைத்தாலும் பணம் அனுப்ப வேண்டாம்’ என்று சொல்லிவிட்டால் மிரட்டலின் வலு பாதியாகக் குறைந்துவிடும்.

மீட்டர் வட்டி, ரன் வட்டி என்று தெருவில் வாங்கியதற்குத் தமிழகத்தில் 2003இல் வந்த கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. இலவசச் சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே அந்த உதவி கிடைக்கும்.

கைப்பேசியையும் வங்கிக் கணக்கையும் என்ன செய்வது?

கைப்பேசியை உடைப்பதால் பயனில்லை. மறுநாள் தவணையில் இன்னொன்று வந்துவிடும். எங்களுக்கு உதவியவை: சம்பளக் கணக்கிலிருந்து பணம் வந்த அன்றே அவனுடைய அண்ணியான என் மனைவியின் கணக்குக்குத் தானாக மாறும்படி நிலையான உத்தரவு கொடுத்தது, வங்கிச் செயலியில் அட்டையின் இணையப் பரிமாற்றத்தை அணைத்து, யு.பி.ஐ. வரம்பைச் சில நூறு ரூபாய்க்குக் குறைத்தது. கடன் அட்டையைத் திருப்பிக் கொடுத்தது. பெட்பிளாக்கர் என்ற இலவசச் செயலி சூதாட்டத் தளங்களைத் தடுக்கும். குறித்த காலம் முடியும்வரை அதை எளிதில் நீக்க முடியாது. வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் வரும் முகவர்களை அது தடுக்காது என்பதால், எண்ணையே மாற்றினோம். இவை எல்லாம் அவர் சம்மதத்தோடு நடக்க வேண்டும். திருட்டுத்தனமாகச் செய்தால் அது இன்னொரு ஆட்டமாகிவிடும்.

இணையச் சூதாட்டம்தான் தடைசெய்யப்பட்டுவிட்டதே? சிகிச்சைக்குப் போனால் வழக்கு வருமா?

தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டம் இணையச் சூதாட்டத்தைத் தடைசெய்தது; ரம்மியையும் போக்கரையும் அதன் தடைப்பட்டியலில் சேர்த்தது செல்லாது என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறகு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையா அதிர்ஷ்டமா என்ற வேறுபாடின்றிப் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. பெரிய இந்திய நிறுவனங்கள் பண ஆட்டங்களை அப்போதே நிறுத்தின. அந்த நடுவண் சட்டம் ஆட்டத்தை நடத்துபவருக்கும் விளம்பரம் செய்பவருக்கும் தண்டனை விதிக்கிறதே தவிர, ஆடுபவரைக் குற்றவாளியாக்கவில்லை. மாநிலச் சட்டத்தில், தடைசெய்யப்பட்ட சூதாட்டத்தை ஆடுபவருக்கு மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ என்ற பிரிவு இருக்கிறது. ஆனால் மருத்துவரிடம் நீங்கள் சொல்வது ரகசியம். மனநலப் பராமரிப்புச் சட்டம் அதைக் காக்கிறது. வழக்குக்குப் பயந்து சிகிச்சைக்குப் போகாமல் இருக்க வேண்டாம்.

அஞ்ச வேண்டியது வேறொன்றுக்கு. வெளிநாட்டுத் தளங்களின் முகவர்கள், தோற்றவர்களிடம் ‘உன் வங்கிக் கணக்கை வாடகைக்குக் கொடு’ என்று கேட்கிறார்கள். அதன் வழியாக மோசடிப் பணம் ஓடினால் கணக்கு முடக்கப்படும், வழக்கும் உங்கள் பெயரில்தான் வரும்.

இதே அனுபவம் உள்ளவர்களோடு பேச வழி உண்டா?

1957இல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய கேம்ப்ளர்ஸ் அனானிமஸ் என்ற தோழமைக் குழுவின் கூட்டங்கள் இணையம் வழியாகவும் நடக்கின்றன. கட்டணமில்லை, பெயர் சொல்ல வேண்டியதில்லை. குடும்பத்தாருக்குக் கேம்-அனான் என்று தனிக்குழு உண்டு. ஆங்கிலம் சரளமாக வராதவர்களுக்கு இது சற்றுச் சிரமம். என் தம்பிக்கு இரண்டு கூட்டங்களுக்கு மேல் ஒட்டவில்லை. மருத்துவமனை வராந்தாவில் பழக்கமான ஓர் ஆட்டோ ஓட்டுநரோடு வாரம் ஒருமுறை டீக்கடையில் பேசுவதுதான் அவனுக்குப் பிடித்துப்போயிற்று. அவர் விட்டது லாட்டரியில். 2003 முதல் தமிழகத்தில் லாட்டரிக்குத் தடை இருந்தும், மூன்று நம்பர் சீட்டில் ஓர் ஆட்டோவையே விட்டவர்.

‘செத்துவிடலாம் போலிருக்கிறது’ என்கிறார். மிரட்டுகிறாரா?

மிரட்டல் என்று எடுத்துக்கொள்ளவே வேண்டாம். கடன் வெளிப்படும் நாளும் அதற்கடுத்த சில நாள்களும் மிகவும் ஆபத்தானவை. ‘தற்கொலை செய்துகொள்ளத் தோன்றுகிறதா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தனியே விடாதீர்கள். வீட்டில் ஆபத்தானவை இருந்தால் அப்புறப்படுத்துங்கள். 1986 முதல் சென்னையில் இயங்கும் சிநேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் எண் 044-24640050. 14416 எந்நேரமும் கிடைக்கும். உடனடி ஆபத்தென்றால் 108ஐ அழைத்து அருகிலுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். ‘பணம் பெரிதில்லை, நீ இரு’ என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். நம் வீடுகளில் இது மனத்துக்குள்ளேயே நின்றுவிடுகிறது.

நான்கு மாதம் ஆடாமல் இருந்தவர் மறுபடி ஆடிவிட்டார். எல்லாம் வீணா?

இல்லை. மீளும் வழியில் பலருக்கும் இது நேர்கிறது. அன்றே சொல்லிவிட்டாரா, நீங்களாகக் கண்டுபிடித்தீர்களா என்பதுதான் முக்கியம். என் தம்பி ஐ.பி.எல். சமயத்தில் 3,000 ரூபாய் விட்டுவிட்டு அன்றிரவே வந்து சொன்னான். நான் திட்டவில்லை, மறுநாள் மருத்துவரிடம் போனோம். எந்த வழியில் பணம் வெளியே போயிற்று என்று பார்த்து, மறந்துபோன ஒரு பழைய வாலட்டை மூடினோம்.

அட்டையையும் சம்பளத்தையும் எப்போது திருப்பிக் கொடுக்கலாம்?

நாள் குறிக்க முடியாது, படிப்படியாகக் கொடுங்கள். நாங்கள் முதலில் வாரச் செலவுக்கு 700 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்தோம், கணக்குக் கேட்டோம். ஆறு மாதம் கழித்து மளிகைப் பொறுப்பு. ஓராண்டு கழித்து மின்கட்டணமும் வாடகையும். இரண்டாம் ஆண்டு முடிவில் அட்டையை நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, ‘இன்னும் கொஞ்ச நாள் அண்ணிகிட்டயே இருக்கட்டும்’ என்று திருப்பித் தந்தான். இப்போதும் அது அரிசி டப்பாவுக்கு மேலே, அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால்தான் இருக்கிறது. அவனுக்கும் அந்த இடம் தெரியும்.